தேவசகாயம் சார் மோந்த தண்ணீர்

சிஷ்யருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தாறு. சிஷ்யரின் எரிச்சலில் பாதி இதனால்தான்.

தேவசகாயம் சார் தலைமையாசிரியராக இருந்த தொடக்கப் பள்ளியில் பதினோரு பிள்ளைகள் மிச்சம். பத்துக்குக் கீழே போனால் பள்ளியைப் பூட்டிவிடுவோம் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். போன பிள்ளைகளெல்லாம் பக்கத்து ஊருக்கு நடந்து முப்பிடாதி டீச்சரின் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். கற்றுக்கொள்ள வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு சாரும் அங்கே போனார். உண்மையில் டீச்சரின் ஏமாற்று வேலையைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனார்.

வாசல் டிரம்மில் தண்ணீர் மோந்து முகம், கை, கால் கழுவிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தார். ஒரு பிள்ளையும் எழுந்து வணக்கம் சொல்லவில்லை. எல்லாம் தரையில் உட்கார்ந்து ஏதோ கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

சார் இதற்கெல்லாம் மயங்குகிற ஆளில்லை. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் அவரும் ஒரே பாடத்தை மூன்று நாள் ஒத்திகை பார்ப்பார். விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை என்று சொல்லிவைப்பார். அதிகாரி கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்கும்.

ஒரு பையனிடம், நேற்றும் இதே பாடம்தானா என்று கேட்டார். எட்டு நாளாக இதேதான் என்றான். ஒத்திகையேதான் என்று சாருக்கு உள்ளம் குளிர்ந்தது.

என்ன கணக்கு என்று விசாரித்தார். காலையில் நிரப்பும் டிரம், மத்தியானம் ஐந்தாம் வகுப்பு கை கழுவப் போவதற்குள் காலியாகிவிடுகிறதாம். தண்ணீர் எங்கே போகிறது என்று தேடுகிறார்களாம். யார் எத்தனை செம்பு எடுத்தார்கள் என்று கரும்பலகை முழுக்க எழுதியிருந்தது. டீச்சரின் பெயருக்கு நேரே நான்கு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இசக்கி சாக்பீஸோடு அவர் முன்னால் வந்து நின்றாள். போன வருடம் வரை அவருடைய பள்ளியில் படித்தவள். அங்கே அவள் வாய் திறந்து அவர் பார்த்ததில்லை.

"சார், நீங்க எத்தன செம்பு மோந்தீய?"

"ஒண்ணு."

இசக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். முழங்கால்வரை நனைந்திருந்த பேண்ட்டைப் பார்த்தாள். பிறகு அவர் பெயரை எழுதி, நேரே மூன்று என்று போட்டாள். மூன்றுதான் சரி.

சார் டீச்சரை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"தண்ணி எங்க போவுதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியாது சார். ஓட்டை இருக்கான்னு நானும் டிரம்மைக் கவுத்துப் பாத்துட்டேன்."

அவர் நம்பவில்லை. முப்பது வருட சர்வீஸில் விடை தெரியாத கேள்வியை அவர் ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை.

"தெரியாத மாதிரி நடிக்கீய. அந்த நடிப்ப எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர். எம் பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாங்க."

டீச்சருக்குப் பாவமாக இருந்தது. அதற்காகப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"நடிச்சா பிள்ளைங்க கண்டுபிடிச்சிரும் சார். இசக்கி கண்டுபிடிச்சிட்டுத்தான இங்க வந்தா."