நூற்று இருபத்து மூன்று உருண்டை

ஒரு காலத்தில் வெண்குன்றூர் நாட்டைப் பரிவேந்தன் என்றொருவன் ஆண்டான். நாலு வரிக்கு மேல் எதைக் கேட்டாலும் அவனுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

வருகிற ஓலைகளை அவனுக்குப் படித்துச் சொல்லிவந்தவர் அமைச்சர் பூதியார். அரசன் அவர் சொல்லைக் கேட்பது, எழுத்தர்களுக்குத் தலைவனான ஓலைநாயகம் சேந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"வேந்தே, ஓலையில் பாதி முகத்துதி, மீதி ஒப்பாரி. எண் மட்டும்தான் உண்மை. சொல்லையெல்லாம் நீக்கிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துத் தருகிறேன்" என்றான்.

அரசன் மகிழ்ந்தான். பன்னிரண்டு எழுத்தர்கள் ஓலைகளிலிருந்து எண்களைப் பொறுக்கி வரிசையாக ஒட்டி எழுதினார்கள். இடைவெளி விட்டால் ஓலை வீணாம். எண் தவிர எந்தச் செய்தியும் அவைக்கு வரக் கூடாதென்று ஆணையும் பிறந்தது.

மழைக்காலம் வந்தது. ஏரிக்காவலன் நல்லாண்டி ஓலையோடு ஓடி வந்தான். 'நீர் 18 முழம். கரை 20 முழம். 2 நாள் தாங்கும்.'

சேந்தன் அவையில் அறிவித்தான்: "ஏரி, 18202!"

"போன மாதம்?"

"வெறும் 9203, வேந்தே."

"பலே! இரண்டு மடங்கு!"

அவை கைதட்டியது. நல்லாண்டி வாயைத் திறந்தான். காவலர்கள் வேல்களை நீட்டித் தடுத்தார்கள்.

வெளியே வந்து நல்லாண்டி பூதியாரிடம் அழுதான். "சாமி, நாளை மறுநாள் ஊரே தண்ணிக்குள்ள போயிடும். நீங்களாவது சொல்லுங்க."

"நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பான் சேந்தன். அரசரும் நம்புவார். பொறு."

அரசனுக்கு அப்போது மலச்சிக்கல். பூதியார் அரண்மனை மருத்துவரிடம் போய், "நேரில் வராதீர், ஓலை அனுப்பும்" என்றார்.

மறுநாள் காலை அவைக்குள் ஒரு பெரிய சட்டி வந்தது.

"என்ன இது?"

"பேதி உருண்டை, வேந்தே" என்றார் பூதியார். "மருத்துவர் ஓலையில் வந்த எண் 123."

"ஒரே வேளைக்கா?"

"வேளை என்பது சொல். நீக்கிவிட்டார்கள்."

அரசன் சட்டியை எட்டிப் பார்த்தான். "சேந்தா, எண் சரிதானா?"

"என் எழுத்தர்கள் தவறுவதே இல்லை, வேந்தே."

"நல்லது" என்றார் பூதியார். "அரசர் மருந்தை, அதற்குப் பொறுப்பேற்றவர் முதலில் உண்டு காட்டுவது வழக்கம். ஓலைநாயகம் உட்காரலாம்."

ஐந்தாவது உருண்டையில் சேந்தனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"வேந்தே, போதும்! காலையில் ஒன்று, மாலையில் இரண்டு, மூன்று நாளைக்கு! அதுதான் ஓலையில் இருந்தது!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூல ஓலையைப் படித்தேன்."

"நீ படித்தாய். நான்தான் படிக்கவில்லை." அரசன் எழுந்தான். "அந்த ஏரி ஓலையைக் கொண்டு வாருங்கள்."

மூன்றே வரி. கொட்டாவி வரவில்லை.

ஊரே கூடையோடு ஏரிக்கு ஓடியது. அரசனும் மண் சுமந்தான். சேந்தன் ஒரு கூடை சுமப்பதும் புதருக்குள் ஓடுவதுமாக இருந்தான்.

மறுநாள் மழை விட்டது. கரை மேலேயே அரசன் தன் முத்துமாலையைப் பூதியாருக்கு அணிவித்தான். இனி ஒவ்வோர் ஓலையையும் அவையில் நின்றபடி, ஒரு சொல் விடாமல் சேந்தனே படிக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னான்.

பிறகு நல்லாண்டியிடம் கேட்டான்: "எத்தனை கூடை மண் போட்டோம்?"

"எண்ணலீங்க சாமி" என்றான் நல்லாண்டி. "கரை நிக்குது."