இறக்கைக்குள் தடவாத மெழுகு

தைரியநாதனின் கை பெரியது. விமான இறக்கையின் அடியிலுள்ள துவாரங்களில் நுழையாது. சடையனின் கை ஒல்லி. தோள்வரை போகும். அதற்காகவே அவரைச் சீடனாகச் சேர்த்துக்கொண்டார். சடையனுக்கு நாற்பத்தெட்டு வயது, குருவைவிட ஆறு வயது மூத்தவர். சீடன் குருவை மாஸ்டர் என்பார். குரு சீடனை அண்ணே என்பார்.

மலேசியாவில் ஓர் அருங்காட்சியகத்தின் பின்கொட்டகை அது. உள்ளே நின்றது ஜப்பான்காரனின் போர் விமானம். உலகப்போர் முடிந்தபோது வெள்ளைக்காரன் அதைப் பிடித்து, ஜப்பான் கொடியின் சிவப்பு வட்டத்தின்மேல் தன் வர்ணத்தை அடித்துவிட்டான். நாற்பத்தைந்து வருடத்தில் அது உரிந்து, வட்டம் மறுபடி எட்டிப் பார்த்தது.

இறக்கைக்குள் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அதைச் சுரண்டிவிட்டு மெழுகு தடவ வேண்டும். தடவாவிட்டால் ஈரம் உள்ளிருந்தே தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் இறக்கை கழன்று விழும்.

சடையன் தினமும் மெழுகு டப்பாவோடு இறக்கைக்கு அடியில் படுப்பார். மாலையில் முடிந்தது என்பார். இந்த வேகத்தில் போனால் ஜப்பான்காரனே வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

மழை பிடித்த வாரம், குரு ஒரு கம்பியில் கறுப்புத் துணியைச் சுற்றித் துவாரத்துக்குள் விட்டு இழுத்தார். மெழுகு இல்லை. வெள்ளைப் பொடி இருந்தது.

அடுத்த துவாரம். அங்கும் பொடிதான்.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. சடையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து துணியை நீட்டினார்.

“மறந்துட்டீங்களாண்ணே?”

“இல்ல மாஸ்டர்.”

வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்றார் சடையன். ரயில் பாதை போட என்று தன் அப்பாவை ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் காட்டுக்கு லாரியில் ஏற்றிப்போனது இந்த ஜப்பான்காரர்கள்தான். தான் அப்போது பால்குடிக் குழந்தை. செத்தார் என்று சொல்லக்கூட ஒருவரும் வரவில்லை. அதனால் அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவே இல்லை என்றார்.

“இதப் போயி எதுக்கு மாஸ்டர் நாம சாகவிடாம பாத்துக்கணும்?”

மழை தகரக் கூரையில் கொட்டியது.

“அப்பாவோடது என்னண்ணே இருக்கு உங்ககிட்ட?”

“ஒண்ணுமில்ல.”

“ஒரு போட்டோ?”

“இல்ல. புதைச்ச இடமே தெரியாது. காடு மூடிருச்சு.”

குரு டப்பாவைத் திறந்து விரல்களில் மெழுகை அள்ளினார். தன் பெரிய கையைத் துவாரத்தில் திணித்தார். விரல்முட்டியோடு நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினார். தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. கையை இழுத்துக்கொண்டு டப்பாவைச் சடையன் பக்கம் நகர்த்தினார்.

“உங்கப்பாவக் கொண்டுபோனவன் இந்த ஊருக்கு வந்தான்ங்கிறதுக்குச் சாட்சியா நம்ம கையில இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் காட்டுக்கு விட்டுடணுமாண்ணே?”