யேசுபாதத்தின் இடது கால்

“என் காலை இனிமே நம்ப முடியாது மாஸ்டர். நாளைக்கு என்னை எறக்காதீங்க.”

சொன்னவன் எகானே. கேமரூன்காரன், முப்பத்து மூன்று வயது, கால்பந்தில் மிட்ஃபீல்டர். பத்தொன்பது வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி டாக்கா, கோவா என்று சுற்றிவிட்டு, வியாசர்பாடியில் பச்சைச் சட்டை அணிக்கு ஆறு வருடம் ஆடினான். தமிழையும் அங்கேதான் கற்றான். கெட்ட வார்த்தைகள் முதலில் வந்தன, மற்றவை மெதுவாக வந்தன. மஞ்சள் சட்டை அணிக்கு மாறி இப்போது ஏழு மாதம்.

கேட்டுக்கொண்டிருந்தவர் மஞ்சள் அணியின் கோச் எபினேசர் மாஸ்டர். எகானேவைவிட நாலு வயது சின்னவர். ரேஷன் கடை மாதிரி அளந்துதான் பேசுவார்.

நேற்று பச்சை அணியோடு ஆட்டம். கடைசி நிமிடம்வரை ஆளுக்கு ஒரு கோல். எகானேவிடம் பந்து வந்தது. தலையைக்கூடத் தூக்காமல் சட்டென்று திரும்பி ஒரு பாஸ் கொடுத்தான். பந்து நேராகப் பச்சைச் சட்டைக்காரன் யேசுபாதத்திடம் போய் நின்றது. யேசுபாதமே திகைத்துப்போனான். திகைத்தபடியே கோலும் அடித்துவிட்டான்.

நாளை கடைசி ஆட்டம். தோற்றால் மஞ்சள் அணி கீழ் டிவிஷனுக்குப் போய்விடும்.

“காசு வாங்கிட்டேன்னு பேசிக்கிறாங்க மாஸ்டர்.”

“வாங்குனியா?”

“வாங்கியிருந்தாகூட நைட்டு தூங்கியிருப்பேன். எனக்கே தெரியாம குடுத்துட்டேன். அதான் பயமா இருக்குது.”

மாஸ்டர் மைதானத்தைப் பார்த்தார். மஞ்சள் அணிக்காரர்கள் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“பாஸ் எப்படி இருந்துச்சு?”

எகானேவுக்குச் சுருக்கென்றது. கிண்டல் செய்கிறார் என்று நினைத்தான். மாஸ்டர் முகத்தில் கிண்டல் இல்லை.

“சொல்லு.”

“நல்ல பாஸ்தான்.”

“எவ்வளவு நல்ல பாஸ்?”

“இந்த சீசன்லயே அந்த மாதிரி நான் குடுக்கல.”

“எந்தக் காலுக்குப் போச்சு?”

“இடது காலுக்கு. யேசுபாதத்துக்கு வலது முட்டி வலி. மழை பேஞ்சா ஜாஸ்தியாவும். அதனால எப்பவும் இடது பக்கமா சாஞ்சுதான் ஓடுவான்.”

“பார்த்துக் குடுத்தியா?”

“பாக்கல. அங்கதான் இருப்பான்னு தெரியும்.”

மாஸ்டர் தலையாட்டினார். அப்புறம் மைதானத்தின் இடது ஓரத்தைக் காட்டினார். மீசை மழித்த ஒல்லியான ஆள் ஒருவன் கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தான். முதுகில் பதினொன்றாம் நம்பர்.

“அவருக்கு எந்தக் கால்ல பந்து வேணும்?”

எகானே பார்த்தான். ஏழு மாதம் பக்கத்தில் ஆடியிருக்கிறான். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பொட்டலத்தில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறான்.

தெரியவில்லை.

“பரவால்ல. முட்டி வலி ஏதாவது?”

அதுவும் தெரியவில்லை. இத்தனை நாள் யாருக்குப் பந்து கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தான். மஞ்சள் சட்டை தெரிந்த பக்கமெல்லாம் தள்ளிவிட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

“பேரு?”

“கேட்டதே இல்ல மாஸ்டர்.”

“அப்ப எப்படிக் கூப்பிடுவ?”

“தம்பின்னு கூப்பிடுவேன்.”

“திரும்பிப் பார்ப்பாரா?”

“பாப்பான். சிரிப்பான். ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

“அவருக்கு முப்பத்தாறு வயசு, எகானே.”

எகானே அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. மூன்று வயது மூத்தவரை ஏழு மாதமாகத் தம்பி, தம்பி என்று விரட்டியிருக்கிறான். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஓடியிருக்கிறார்.

பிறகு கேட்டான்.

“அந்த அண்ணன் பேரு என்ன மாஸ்டர்?”

“என்னை எதுக்குக் கேக்குற? நாளைக்கு உன்கிட்ட பந்து வாங்கப்போறது அவரு.”