நீ நல்லா இருப்பியா?

மருதையன் தன் குருவைவிட மூத்தவர். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அவர் காலில்தான் முதலில் விழுவார்கள். அவர் பதறிப்போய் உள்ளே கைகாட்டுவார்.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் குருவின் பேச்சைக் கேட்க மட்டும் வந்துகொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான், தேங்காய் திருடினான் என்று ஒரு கூலியாளைத் தென்னையில் கட்டிவைத்து அடித்தே கொன்றான் அவர் தம்பி. தடுக்கப் போனவரையும் தள்ளிவிட்டான். பார்த்ததைப் பார்த்தபடி கோர்ட்டில் சொன்னார் மருதையன். தம்பிக்கு ஆயுள் தண்டனை.

கோர்ட் வாசலில் அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். "நீ நல்லா இருப்பியா?"

அதன்பின் அவருக்கு வீட்டில் இடமில்லை. மடத்திலேயே தங்கிவிட்டார்.

இன்று அம்மா இறந்துபோனாள். ஓடினார். பங்காளிகள் தெருமுனையிலேயே மறித்துவிட்டார்கள். வாய்க்கரிசி போடக்கூட விடவில்லை. போலீஸ் காவலோடு வந்த தம்பி கொள்ளி வைத்தான். பெற்றவளின் முகத்தைப் பார்க்க, பாவம், மருதையனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவரைக் குரு ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனார். கையில் சவரக்கத்தி இருந்தது.

"உக்காருங்கண்ணே. பெத்த தாய்க்கு மொட்டை போட வேணாமா?"

தலையை நனைத்து மழிக்கத் தொடங்கினார்.

"சாமி, அன்னிக்கு அம்மா கேட்டுச்சே, அதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியல. நான் நல்லா இருப்பேனா?"

"மாட்டீங்க."

"பொய்ச்சாட்சி சொல்லியிருந்தா?"

"நல்லா இருந்திருப்பீங்க. இன்னிக்கு அம்மா பக்கத்துல நின்னிருப்பீங்க."

"நல்லவனா இருந்தா நல்லா இருக்கலாம்னு நீங்கதானே சாமி சொன்னீங்க? அதை நம்பித்தானே கூண்டுல ஏறினேன்?"

கத்தி நின்றது.

"தெரியாம சொல்லிட்டேன்" என்றார் குரு.

மருதையனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி மழித்த தலையோடு எழுந்துவிட்டார். குரு தடுக்கவில்லை.

"அண்ணே, அம்மா உயிரோட இருக்காங்கன்னு வச்சுக்குங்க. தம்பி எதிர்ல நிக்கிறான். நல்லா இருப்பீங்கன்னு சொல்ல நான் இல்ல. இப்பக் கூண்டுல ஏத்துனா என்ன சொல்லுவீங்க?"

மருதையன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது.

"கட்டிவச்சிருந்தப்ப அந்தாளு தண்ணி கேட்டான் சாமி" என்றார். குரல் உடைந்தது. "ஒரு வாய் தண்ணி. தம்பி குடுக்கல. அதைத்தான் சொல்லுவேன்."

குரு கத்தியைத் தண்ணீரில் அலசினார்.

"உக்காருங்கண்ணே. நல்லா அழுங்க. தலையை மட்டும் அசைக்காதீங்க."