நார்த்தங்காய் கேட்டவள்

ஆனி மாதத்தில் அந்த ஆறு மெலிந்துவிடும். படித்துறையின் கடைசிப் படியைத் தொட்டும் தொடாமலும் போகும். கரையில் ஒரு மடம். மடத்துக்குள் கைக்கடக்கமாக ஓர் அம்மன் சன்னிதி. மடத்தை நடத்தியவர் சொர்ணாம்பிகை அம்மையார். அவரிடம் பாடம் கேட்கப் பெண்கள் வந்து தங்குவார்கள். சிலர் ஒரு மாதம் இருப்பார்கள். சிலர் ஆயுசு முழுக்க இருந்துவிடுவார்கள்.

தர்மாம்பாள் இரண்டாவது வகை. அம்மையாரைவிட வயதில் மூத்தவள். அம்மனுக்கு அன்றாடம் வெண்பொங்கல் வைப்பது அவள்தான். படைப்பதற்கு முன்னால் அந்தப் பொங்கலை யாரும் ருசி பார்க்கக் கூடாது, முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. அதனால் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டுதான் அடுப்பு முன்னால் நிற்பாள். உப்பெல்லாம் கை சொல்கிறபடிதான். அவள் கை ஒருநாளும் தப்பியதில்லை.

மற்ற நாட்களில் பானை சன்னிதி வாசல்வரை அவள் கையில் வரும். அதற்கப்பால் அம்மையார் வாங்கிக்கொள்வார். ஆடிப்பூரத்தன்று மட்டும் பொங்கல் வைத்தவளே பானையோடு கருவறைக்குள் போகலாம். அம்மன் காலடியில் குனிந்து அதை இறக்கி வைக்கலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வருஷம் முழுக்கத் தர்மாம்பாள் புகை குடித்தாள்.

இந்த வருஷம் அம்மையார் சொன்னார்: "ஆடிப்பூரப் பொங்கலை மரகதம் வைக்கட்டும்."

மரகதம் பங்குனியில் வந்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சுலோகம் சொன்னால் பாதியில் வழி தவறிவிடுவாள். தவறியது தெரிந்ததும் சிரித்துவிடுவாள். சன்னிதியிலேயே சிரிப்பாள். தர்மாம்பாளை "அக்கா" என்று கூப்பிடுவாள். ஒவ்வொரு முறையும் தர்மாம்பாள் மனசுக்குள் கேட்பாள்: யாருக்கு யாரடி அக்கா?

காய் நறுக்கும் கோமு, அரிவாள்மனையிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள்: "இந்தத் தடவை ஆடிப்பூரத்துக்கு நீங்க நிம்மதியாப் பந்தியில உக்காந்து சாப்பிடலாம் போலிருக்கேக்கா."

"வாய மூடிட்டுக் கத்திரிக்காயப் பாரு. பூச்சி இருக்கு."

"பூச்சி கத்திரிக்காயிலதான் இருக்கா?" என்றாள் கோமு.

அன்று முழுவதும் தர்மாம்பாளுக்கு வயிறு எரிந்தது. மரகதத்தின் செருப்பு வாசலில் கோணலாகக் கிடந்தது. அதைப் பார்த்தால் எரிந்தது. அவள் மோர் குடித்துவிட்டு "ஆகா" என்று சொன்னது கூடத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது, அதற்கும் எரிந்தது. மோருக்கு ஓர் ஆகாவா? நேற்று வந்தவளுக்கு இந்த மடத்தில் எல்லாமே ஆகாதான்.

சாயங்காலம் படித்துறைக்குப் போனாள். அம்மையார் கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளேன்."

"அவகிட்ட அப்படி என்னத்தக் கண்டீங்க?"

அம்மையார் யாரிடம் என்று கேட்கவில்லை. காலை எடுத்துப் படியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னா நீ நம்ப மாட்டே. நாளைக்கு ஒரு பகல் அவளப் பாரு. கண்ண எடுக்காமப் பாரு. சாயங்காலம் வந்து பாத்ததச் சொல்லு. அப்புறம் நான் பதில் சொல்றேன்."

"அப்ப பொங்கல்?"

"பொங்கலும் நீதான் வைக்கணும். உன் வேலைய யாருக்குக் குடுக்கிறது?"

தர்மாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்ததை இனிமேல் நிமிர்ந்து பார்க்கலாம். குற்றம் கண்டுபிடிக்கக் குருவே உத்தரவு கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடியும்போதே அவள் கண் வேலையைத் தொடங்கிவிட்டது.

மரகதம் கிணற்றில் தண்ணீர் சேந்தினாள். முதல் வாளியைத் தன் காலில் ஊற்றிக்கொண்டு, விரல்களை அசைத்து வேடிக்கை பார்த்தாள். பிறகு பூப்பறிக்கப் போனாள். நந்தியாவட்டையில் ஓர் எறும்பு இருந்தது. அது இறங்கிப் போகும்வரை கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தர்மாம்பாள் பல்லைக் கடித்தாள். பூஜைக்கு நேரமாகிறது, இங்கே எறும்புக்கு வழியனுப்பு விழா நடக்கிறது.

காலை வழிபாட்டில் மரகதம் மூன்றாவது வரியில் தவறினாள். தர்மாம்பாள் அதற்காகவே காத்திருந்தாள். தவறினதும் அவளுக்குத் தித்தித்தது.

அப்புறம் மடப்பள்ளி. தர்மாம்பாள் வாயைக் கட்டிக்கொண்டு உலை வைத்தாள். அரிசியும் பருப்பும் களைந்து போட்டாள். மடப்பள்ளி ஜன்னலுக்கு வெளியே கிணற்றடி. மரகதம் அங்கே பித்தளைப் பாத்திரங்களைச் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தவள் சும்மா தேய்க்கக் கூடாதா? ஒரு சொம்பை எடுத்து வெயிலில் திருப்பினாள். சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. சொம்பை ஆட்டினாள்; பொட்டு ஓடியது. ஓர் அணில் அதைப் பார்த்து வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. மரகதம் கலகலவென்று சிரித்தாள்.

தர்மாம்பாள் உப்புச் சாடியின் மூடியைத் திறந்தவள், அப்படியே ஜன்னலுக்குப் போனாள்.

இந்த வயதில் அணிலோடு விளையாட்டு. இதையும் சொல்ல வேண்டும். ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அடுப்பு பொங்கிச் சீறியது. ஓடி வந்து கிளறினாள். மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துக் கொட்டினாள். சாடியை மூடினாள். பானையை இறக்கினாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

மதியப் பூஜை முடிந்து பந்தி போட்டார்கள். மரகதத்துக்கு நேர் எதிரே இலை போடச் சொல்லித் தர்மாம்பாள் உட்கார்ந்தாள். அம்மையார் அந்தக் கோடியில் இருந்தார்.

மரகதம் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். நிறுத்தினாள். ஒரு நொடி நிமிர்ந்து தர்மாம்பாளைப் பார்த்தாள். பிறகு உரக்கக் கூப்பிட்டாள்: "கோமு, அந்த உப்பு நார்த்தங்காய் சாடிய எடுத்துட்டு வாயேன். காலையிலேருந்து நாக்கு அதுக்கு ஏங்குது."

கோமு கொண்டுவந்தாள். மரகதம் தான் மட்டும் போட்டுக்கொண்டால் போகட்டும் என்று விடலாம். இலை இலையாகக் கொடுக்கச் சொன்னாள். "எல்லாரும் போட்டுக்கங்க. நான் மட்டும் தின்னா வயித்த வலிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்கள்.

தர்மாம்பாளுக்குக் காது சுட்டது. அம்மன் பிரசாதத்துக்குத் தொட்டுக்க வேண்டுமாம். தான் வைத்த பொங்கலுக்கு எதிராக ஓர் ஊறுகாய் ஊர்வலம். அவளுக்கும் நீட்டினார்கள், வேண்டாமென்று கையை ஆட்டினாள். எதிர் இலையில் எத்தனை விரலால் பிசைகிறாள், எப்படி மெல்லுகிறாள், எப்படி விழுங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டே தன் இலையை வழித்து முடித்தாள்.

சாயங்காலம் ஆற்றங்கரையில் அம்மையார் காத்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம், வாழையிலைத் துண்டால் மூடி இருந்தது.

"சொல்லு தர்மாம்பா."

தர்மாம்பாள் சொன்னாள். காலில் ஊற்றிக்கொண்ட வாளித் தண்ணீர், நந்தியாவட்டை எறும்பு, மூன்றாவது வரி, சுவரில் ஓடிய பொட்டு, அணிலின் வால். பந்தியில் நடந்ததைச் சொல்லும்போது மூச்சு வாங்கியது.

"நார்த்தங்காய எப்படித் தின்னா?"

"மொதல்ல நக்கிப் பாத்தா. அப்புறம் ஓரத்தக் கடிச்சா. கண்ண இறுக்கி மூடினா. புளிப்பு ஏறினதும் தோள ஒரு குலுக்கு குலுக்கினா."

"அடேயப்பா. என்ன புடவை கட்டியிருந்தா?"

"அரக்கு. முந்தானை ஓரத்துல கிழிசல். அத நீல நூலால தைச்சிருக்கா. அரக்குக்கு யாராவது நீல நூல் போடுவாங்களா?"

அம்மையார் ரசித்துத் தலையாட்டினார்.

"அம்மன் என்ன புடவை கட்டியிருந்தா?"

தர்மாம்பாள் வாயைத் திறந்தாள். பச்சையாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மஞ்சள். இன்று என்ன கிழமை? காலையிலும் மதியமும் வாசற்படியில் நின்றிருக்கிறாள். அம்மனுக்கு இந்தப் பக்கம் மரகதம் நின்றது தெரிகிறது. அவள் கை கூப்பியது தெரிகிறது.

"கவனிக்கலைம்மா."

"அவளுக்குப் பொறாமையா இருக்கும்."

"யாருக்கு?"

"அம்மனுக்குத்தான். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பார்வைய அவ உங்கிட்ட வாங்கினதே இல்லையே."

ஆற்றில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

"சரி. நீ என்ன சாப்பிட்டே?"

"பொங்கல்தாம்மா. நான்தானே வச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

"எப்பவும்போலத்தான்."

அம்மையார் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

தர்மாம்பாள் அதைத் தொடவில்லை. "அம்மா, பாத்ததச் சொன்னா பதில் சொல்றேன்னீங்க. ஆடிப்பூரத்துக்கு அவதானா?"

"ஆடிப்பூரம் எங்கயும் ஓடிடாது. இன்னைக்கு வச்சத மொதல்ல சாப்பிடு."

இலையை விலக்கினாள். பொங்கல் ஆறி இறுகியிருந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள்.

மென்றாள். மெல்லுவது நின்றது.

ஜன்னல் கம்பி நினைவுக்கு வந்தது. திறந்து கிடந்த உப்புச் சாடி நினைவுக்கு வந்தது. நார்த்தங்காய்க்காக ஒவ்வொன்றாக நீண்ட கைகள், அந்தக் கைகளுக்கு முன்னால் நிமிர்ந்து பார்த்த ஒரு முகம். அந்தப் பார்வையை இளக்காரம் என்றல்லவா எடுத்துக்கொண்டாள்.

"நீங்களும் இதத்தான் சாப்பிட்டீங்களா?"

"நானும் அதே பந்திதானே."

"ஒருத்தர்கூடச் சொல்லலையே."

"நார்த்தங்காய் நல்லா இருந்துச்சு."

"நானும் தின்னேனேம்மா. ஒரு இலை நிறையத் தின்னேன். எனக்குத் தெரியவே இல்லையே. அம்மனுக்கு உப்பில்லாமப் படைச்சுட்டேன்."

"அவளும் ஒண்ணும் சொல்லல."

தர்மாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். படியோரம் தண்ணீர் ஒரு சருகைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு எடுத்துக்கொண்டு போனது.

"அவளே வைக்கட்டும்மா," என்றாள். "அவதான் லாயக்கு. நான் இனிமே அடுப்புப் பக்கமே போகல. அவ கை, அவ மனசு, அவ..."

"நான் பொங்கலப் பத்திக் கேட்டேன்," என்றார் அம்மையார். "நீ திரும்பவும் அவளப் பத்தியே சொல்ற."

தர்மாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கவளம் எடுத்தாள். இந்த முறை அவசரப்படாமல் வாயில் வைத்தாள்.

"இப்பச் சொல்லு. எப்படி இருக்கு?"

"உப்பில்லம்மா."

"இல்லாததச் சொல்லிட்ட. இருக்கிறதச் சொல்லு."

பல்லிடுக்கில் ஒரு மிளகு உடைந்தது. அதன் காரம் மெதுவாக ஏறியது. அதற்குப் பின்னால் நெய்யின் வாசனை. அதற்கும் பின்னால், இத்தனை வருஷமாக அவளே களைந்து, அவளே உலையில் போட்டும் ஒருநாளும் சந்தித்திராத அரிசியின் மெல்லிய இனிப்பு.

அம்மையார் காத்திருந்தார்.

தர்மாம்பாள் பதில் சொல்லவில்லை. அவள் வாயில் சோறு இருந்தது.