வளையல் சத்தம்

பெரிய பாடகி வந்து பாடுவதற்கு முன்னால் மாதிரிக்கு மெட்டைப் பாடிக் கொடுப்பவளை ட்ராக் பாடகி என்பார்கள். ஜெபமணி அப்படி ஒருத்தி. ஒரு தாலாட்டில் அவள் குரலையே வைத்துக்கொண்டு, கேசட் அட்டையில் 'கானமயில்' சுரபாலா என்று போட்டுவிட்டார்கள். பதினோரு வருஷம் கழித்து, தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போன பிறகுதான் ஜெபமணி வழக்குப் போட்டாள்.

"உன் குரல்னா இங்கேயே பாடிக் காட்டு" என்றார் சுரபாலா, கோர்ட்டில் பட்டுப்புடவை சரசரக்க.

ஜெபமணிக்குக் காற்றாய்க் கிசுகிசுப்புதான் வந்தது. "முடியாதும்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். ரெண்டாவது சரணத்துல ஒரு வளையல் சத்தம் விழுந்திருக்கே, அது கண்ணாடியா, தங்கமா?"

"தங்கம்தான். கண்ணாடி வளையலை நான் தொடக்கூட மாட்டேன்."

"ஐயா, பாட்டைப் போடச் சொல்லுங்க."

போட்டார்கள். வளையல் சத்தமே இல்லை.

"மைக் ரூமுக்குள்ள போறவ வளையலைக் கழட்டி வெளியில வெச்சிட்டுத்தான் போவா" என்றாள் ஜெபமணி. "இந்தம்மா அன்னைக்கு உள்ளேயே வரலை. பாட்டை முழுசாக் கேட்டதுகூட இல்லை."

சுரபாலா புடவைத் தலைப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சம்மதிச்சுப் பாடிக் கொடுத்தாலும் பாடினவங்க பேரைப் போட்டாகணும். அது சட்டம். வேற என்ன வேணும்மா?"

"இன்னொரு தடவை போடச் சொல்லுங்க ஐயா. என் குரல் இப்ப அதுல மட்டும்தான் இருக்கு. இத்தனை நாளா அதை வேற பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, வருதான்னு பார்க்கிறேன்."