எதிரில் இருந்தவர் என்ன செய்தார்?

குருவுக்கு வயது இருபத்து நான்கு. சீடருக்கு நாற்பத்தொன்பது. காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் வீடியோ கேம் சென்டர் நடத்தும் ஃபர்ஸானாதான் குரு. அங்கே வருகிறவர்கள் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சீடர் நாச்சிமுத்து, ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். நல்ல மனுஷன்தான், கோபம் வந்தால் மட்டும் கண்மண் தெரியாது.

வந்த காரணத்தை முதல் நாளே போட்டு உடைத்துவிட்டார்.

“எம் பொண்ணு கோகிலவாணி இந்தச் சண்டை கேமே கதின்னு கெடந்தாளுங்க. கோவத்துல, குச்சியும் பட்டனும் வெச்ச அவ ஸ்டிக் பெட்டியத் தூக்கி வாசல்ல எறிஞ்சுட்டேன். அன்னைலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. ஒரே பொண்ணுங்க மாஸ்டர். சோறு எறங்கமாட்டேங்குது.”

“கடைசியா என்ன சொன்னா?”

“எங்கூட ஒரு நாள் விளையாடிப் பாருங்கப்பா, அப்புறம் பேசலாம்னா. அதான், ஜெயிச்சுக் காட்டீரலாம்னு வந்தேனுங்க.”

மாஸ்டர் நாற்காலியைக் காட்டினாள்.

எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. இந்தப் பக்கம் ஒரு திரை, அந்தப் பக்கம் ஒரு திரை. எதிரே யார் உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்று தெரியாது.

“குச்சியைக் கீழ இழுத்தா உங்க ஆள் குனிவான். விட்டா நிமிருவான்” என்றாள் மாஸ்டர். “சண்டைக்கு முன்னாடி குனிஞ்சு நிமிர்ந்தா அது வணக்கம். மூஞ்சி தெரியாம ஆடறவங்களுக்கு அதுதாண்ணா பேச்சு.”

“சரிங்க மாஸ்டர்.”

தலையை ஆட்டினாரே தவிர, ஒரு நாளும் செய்யவில்லை. மணி அடித்ததும் எட்டு பட்டனையும் சேர்த்துக் குத்த ஆரம்பித்துவிடுவார். காலேஜ் பையன்கள் அவரை ஊதித் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் ஒரே கேள்விதான் கேட்பாள்.

“எதிர்ல இருந்தவங்க என்ன பண்ணாங்க?”

“நான் ரெண்டு உதை விட்டேனுங்க.”

“அதைக் கேக்கலை.”

“மூணாவது உதை தப்பீருச்சுங்க.”

மாஸ்டர் எழுந்து போய்விடுவாள். இருபது நாளும் இதே கதைதான்.

இருபத்தோராம் நாள் நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

“மாஸ்டர், நான் எப்பத்தானுங்க ஜெயிப்பேன்?”

“இன்னைக்கே ஜெயிக்கலாம். உக்காருங்க.”

பலகைக்கு அந்தப் பக்கம் ஏற்கனவே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இவருக்குச் சிவப்புத் தலைப்பாகைக்காரன், எதிரே பச்சை உடுப்புக்காரி. மணி அடித்தது. நாச்சிமுத்து வெளுத்து வாங்கினார். உதை விழுந்தது, பச்சைக்காரி விழுந்தாள். எழுந்தாள், மறுபடி உதை. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி பின்னால் சாய, வேட்டி நழுவுவதுகூடத் தெரியாமல் குதித்தார்.

“எதிர்ல இருந்தவங்க என்ன பண்ணாங்க?” என்றாள் மாஸ்டர்.

“நான் குடுத்த குடுப்புல என்னத்தைப் பண்றதுங்க? ஒண்ணும் பண்ணலை.”

மாஸ்டர் அதே ஆட்டத்தை ரீப்ளே போட்டாள்.

“இப்ப உங்க ஆளைப் பாக்காதீங்க. பச்சைக்காரியை மட்டும் பாருங்க.”

மணி அடிக்கிறது. பச்சைக்காரி குனிகிறாள், நிமிர்கிறாள். நெஞ்சில் உதை. விழுந்தவள் எழுந்து, குனிந்து நிமிர்கிறாள். மறுபடி உதை. எழுகிறாள். அடிக்கக் கை ஓங்கவில்லை, தடுக்கவும் இல்லை. மறுபடி குனிகிறாள்.

நாச்சிமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை.

“எத்தனை தடவை குனிஞ்சாண்ணா?”

“ஏழுங்க. வணக்கம் சொல்லச் சொல்ல மிதிச்சிருக்கனே. சே, என்ன மனுஷன் நான். யாருங்க அது? ஒரு மன்னிப்பாச்சும் கேக்கறேன்.”

பலகையைச் சுற்றி ஓடினார். நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் ஒரு ஸ்டிக் பெட்டி மட்டும் இருந்தது. அதன் ஒரு மூலை உடைந்து, வெள்ளை பிளாஸ்திரி சுற்றி ஒட்டியிருந்தது.

அது வாசல்படியில் பட்டுத் தெறித்த மூலை. அவர் எறிந்த எறியில் உடைந்தது.

மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“எம் பொண்ணாங்க?”

“அவளாத்தான் இங்க வந்து கேட்டா. அப்பாவோட ஒரு ஆட்டம் வேணும்னு.”

“எப்பப் போனா?”

“நீங்க குதிச்சீங்கல்ல, அப்ப.”

நாச்சிமுத்து அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்திரி ஒட்டிய மூலையை விரலால் தடவினார். கண் நிறைந்து திரை மங்கலாகத் தெரிந்தது.

“மாஸ்டர், இனி எங்கிட்டப் பேசுவாளுங்களா?”

மாஸ்டர் திரையை அணைத்தாள்.

“ஏழு தடவை பேசினாளேண்ணா.”